தங்கை தேடினால் எனக்கு ஏன் விளம்பரம்?

கேள்வி: என் தங்கை வீட்டில் உட்கார்ந்து முழங்கால் வலிக்குப் போடும் பட்டையைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். நான் போனைத் தொடவே இல்லை. மறுநாள் காலை என் போனில் அதே பட்டைக்கு விளம்பரம்! நாம் பேசுவதைப் போன் ஒட்டுக் கேட்கிறதா?

பதில்: இந்தப் பகுதிக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். 2018இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பியதாக ஒரு செயலிகூடச் சிக்கவில்லை. (திரையில் நடப்பதைப் படமெடுத்து வெளியே அனுப்பிய சில செயலிகள் சிக்கின. அது தனிக்கதை.)

பிறகு எப்படி வந்தது விளம்பரம்? தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் பேச்சை எடுப்பதற்கு முன்பே அவர் அந்தப் பட்டையைத் தன் போனில் தேடியிருக்கக்கூடும். அவர் வீட்டு வைஃபையில் உங்கள் போனும் இணைந்திருந்தால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து இயங்குவது விளம்பர நிறுவனங்களுக்குத் தெரிந்துவிடும். அவருடைய தொடர்புப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறது. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. இவ்வளவு போதும், பேச்சைக் கேட்கத் தேவையே இல்லை. ஒட்டுக் கேட்பதைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மைக்கை நீங்கள் அணைத்துவிடலாம், தங்கையின் போனை என்ன செய்வீர்கள்?

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டன் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்ததும் இதுதான். ஃபேஸ்புக்கில் ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை நிறுவியவர்கள் சுமார் 2,70,000 பேர். ஆனால் 8.7 கோடிப் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது. மற்றவர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அழுத்தியவருக்கு நண்பராக இருந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மறைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. நான் ஏன் பயப்பட வேண்டும்?

பதில்: நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன். போன வருடம், நான் பயன்படுத்தும் ஒரு சேவையிலிருந்து என்னைப் பற்றிய பதிவுகளை மொத்தமாக இறக்கிப் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ராத்திரி அப்படியே அதில் இருந்தது. 2.47க்கு ‘கிரியாட்டினின் 6 ஆபத்தா’. 2.51க்கு ‘டயாலிசிஸ் செய்தால் எத்தனை நாள்’. 3.10க்குத் தேடியதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அண்ணனிடம்கூட நான் கேட்காத கேள்விகள் அவை. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அது என்னுடைய ராத்திரி. எனக்கே பாதி மறந்துபோனதை, அவர்கள் நிமிடம் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அப்பா இப்போது இல்லை. அந்தப் பக்கத்தை மூட எனக்கு வெகு நேரம் ஆனது.

கேள்வி: கோடிக்கணக்கில் அபராதம் போடுகிறார்களே, அது போதாதா?

பதில்: போதாது. 2019இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் (எஃப்.டி.சி.) ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்த ஆண்டு அந்நிறுவனத்தின் வருமானம் 7,000 கோடி டாலருக்கு மேல். அதாவது அபராதம் ஒரு மாத வரவுகூட இல்லை. 2022இல் ட்விட்டருக்கு 15 கோடி டாலர். கணக்கின் பாதுகாப்புக்கென்று மக்கள் கொடுத்த போன் எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக! பூட்டுப் போட வந்தவரிடம் சாவியின் அச்சை எடுத்துக்கொள்வது போன்ற செயல் இது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஃபேஸ்புக்குக்கு உண்மையில் வலித்தது வேறொன்று. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரு விதி கொண்டுவந்தது: மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா என்று ஒவ்வொரு செயலியும் முதலில் கேட்டாக வேண்டும். இதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கணக்குச் சொன்னது. கேட்டுவிட்டுச் செய் என்றதற்கே இவ்வளவு. ஆனால் அந்த விதியைப் போட்டதும் நாம் தேர்ந்தெடுத்த அரசு அல்ல, இன்னொரு பெரிய நிறுவனம்தான். நாளை அது மனம் மாறினால் நாம் யாரிடம் போய்க் கேட்பது? ‘முதலில் கேள்’ என்பது சட்டமாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: சரி, இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: போன் அமைப்புகளில் அனுமதிகள் பகுதிக்குப் போய், தொடர்புப் பட்டியலை எந்தெந்தச் செயலி படிக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட்டுக்கும் விளையாட்டுக்கும் அது எதற்கு? எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை உங்கள் எண்கள் அல்ல, மற்றவர்களுடையவை. அப்புறம், கூகுள் கணக்கில் தேடல் பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம். முடித்ததும் தங்கையின் போனிலும் செய்து கொடுங்கள்.