வீட்டுப் பட்டறைக்கு வேகம் மாற்றும் மர லேத்: குடந்தை நண்பருக்கு

கிண்ணம் கடைய, வேகத்தை மாற்றக்கூடிய மர லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாங்குங்கள் சகோ, ஆனால் "வேகக் குமிழைத் திருப்பினால் போதும், பெல்ட்டைத் தொடவே வேண்டாம்" என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் கடையப்போவது 10 அங்குலப் பூவரசுக் கிண்ணம். டிசி மோட்டாரில் குமிழால் மட்டும் வேகத்தைக் குறைத்தால் மோட்டாரின் திறனும் கூடவே குறைந்துவிடும், உளி கொஞ்சம் ஆழமாகக் கடித்ததும் கட்டை நின்றுபோகும். அதனால் இரண்டு மூன்று புல்லிப் படிகளும் (பெல்ட்டை மாற்றிப் போடும் வெவ்வேறு அளவுச் சக்கரங்கள்) உள்ளதாகப் பாருங்கள். பெல்ட்டை மெதுவான படியில் போட்டுவிட்டு, அப்புறம் குமிழால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம்.

கட்டையின் அங்குல விட்டத்தையும் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் இருக்க வேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. உங்களுக்கு 600 முதல் 900 சுற்று. உருண்டையாகாத பச்சைக் கட்டைக்கு அதுவும் அதிகம். எனவே உச்ச வேகத்தை விடுங்கள், குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். 250க்குக் கீழே இறங்கினால் நல்லது.

பம்புசெட் ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது என்கிறீர்களே, ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டு தனியாகக் கிடைக்குமா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இரண்டு மூட்டை மணல் வைத்தால் அதிர்வு அடங்கும். (மணல் விற்கும் விலையில் இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது!) கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக் வாங்குமுன், அதை மாட்டும் ஸ்பிண்டில் (லேத்தின் சுழலும் தண்டு) மரையின் அளவைப் பாருங்கள்.