வாசகர் கேள்வி – பதில்: அணு உலைக்குள் ஒரு கண்ணாடி நார்

கேள்வி: எங்கள் வீதிக் கம்பங்களில் இணைய இணைப்புக்காகக் கட்டியிருக்கும் ஒளியியல் நாரைப் போன்ற ஒன்றைக் கொண்டு அணு உலைகளுக்குள் வெப்பநிலையை அளக்க முயல்கிறார்கள் என்று அறிந்தேன். கண்ணாடி உருகிவிடாதா? வெப்பவிணை போதாதா?
– உயர்தர மாணவி, கொக்குவில்

பதில்: இரு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து, வெப்பநிலைக்கேற்ப எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் கருவியே வெப்பவிணை. அது தரும் மின்னழுத்தம் அதன் உலோகங்களின் சேர்க்கையைப் பொறுத்தது. உலையின் நியூத்திரன்களோ அந்தச் சேர்க்கையையே மாற்றிவிடுகின்றன: பிளாற்றினம்-ரோடியம் கம்பியிலுள்ள ரோடியம் நியூத்திரனை உள்வாங்கி, பீற்றாத் தேய்வடைந்து (அணுக்கரு ஓர் இலத்திரனை உமிழ்ந்து), பலேடியமாகிறது, தங்குதன் இரேனியமாகவும் இரேனியம் ஒசுமியமாகவும் மாறுகின்றன. கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும். அறாமலிருந்து சிறிது சிறிதாகப் பிழையான எண்ணைக் காட்டும் கம்பியே ஆபத்தானது.

கண்ணாடி உருகுமா என்ற உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் முதலில் கெடுவது கண்ணாடியன்று, அதன்மேல் பூசிய பிளாத்திக்கு உறை. வழக்கமான அக்ரிலேற்று உறை ஏறத்தாழ 85 பாகை செல்சியசு வரையும், பொலிஇமைட்டு ஏறத்தாழ 300 பாகை வரையும், பொன் உறை ஏறத்தாழ 700 பாகை வரையும் தாங்கும். சிலிக்காக் கண்ணாடி தானே 1000 பாகையை அண்மிக்கும்போது நொறுங்கும் தன்மையை அடைவதால், அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு, 2000 பாகைக்கு மேல் உருகும் நீலக்கல் நாரை நாடுகிறார்கள்.

அளக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. நாரின் அகணியில் (ஒளி செல்லும் நடுப்பகுதியில்) ஒளிமுறிவுச் சுட்டியை, அதாவது ஒளி கண்ணாடியினுள் எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் எண்ணை, சீரான இடைவெளியில் சிறிதளவு மாற்றி, பிராக் கீற்றணி எனப்படும் அமைப்பைப் பதிக்கிறார்கள். அது ஒரு குறித்த அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். வெப்பம் ஏறும்போது, நார் விரிவதாலும் அதைவிடக் கூடுதலாக ஒளிமுறிவுச் சுட்டி மாறுவதாலும், அந்த அலைநீளம் நகர்கிறது. 1550 நானோமீற்றரை அண்டிய ஒளியில் அந்நகர்வு பாகைக்கு ஏறத்தாழ 0.01 நானோமீற்றர்.

கேள்வி: கதிர்ப்புப் பட்டால் கண்ணாடி கறுக்குமே, அதன் அளவீட்டை எப்படி நம்புவது?
– ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், பருத்தித்துறை

பதில்: ஐயா, சிக்கலின் மையத்தையே தொட்டுவிட்டீர்கள். காமாக் கதிர்கள் கண்ணாடியில் நிறமையங்கள் எனப்படும் நுண்ணிய குறைபாடுகளை உண்டாக்க, அவை ஒளியை உறிஞ்சுகின்றன. ராமன் சிதறலில் (ஒளியின் ஒரு சிறுபகுதி கண்ணாடியில் சிதறி அலைநீளம் மாறும் நிகழ்வில்) தோன்றும் இரு அலைநீளங்களின் செறிவு விகிதத்தைக் கொண்டு வெப்பநிலையைக் கணிக்கும் முறையில் இது நேரடியாகப் பிழையைத் தரும், ஏனெனில் இரண்டும் ஒரே அளவில் மங்குவதில்லை. நாரின் இரு முனைகளிலிருந்தும் அளந்து அதைத் திருத்துகிறார்கள். கீற்றணியிலோ நாம் பார்ப்பது ஒளியின் அலைநீளத்தை. ஒளி மங்கினாலும், அறியக்கூடிய அளவில் திரும்பிவரும்வரை அளவீடு நிற்கும். எனினும் வேக நியூத்திரன்கள் கண்ணாடியை இறுகச் செய்து அடர்த்தியைக் கூட்டுவதால், வெப்பநிலை மாறாதபோதும் அலைநீளம் நகரலாம். என் கருத்தில், கறுப்பதைவிடக் கடினமான சிக்கல் இதுவே.

வெப்பம் இங்கே பகையாக மட்டும் இருப்பதில்லை: உயர்ந்த வெப்பநிலையில் நிறமையங்களில் பல தாமாகவே அழிந்து, நார் ஓரளவு தெளிவடைகிறது. அத்துடன், தூய சிலிக்கா அகணியும் அதைச் சூழ்ந்து புளோரின் கலந்த கண்ணாடி உறைப்படையும் கொண்ட நார் மிகக் குறைவாகவே கறுக்கும். பொசுபரசு கலந்த நாரோ விரைவில் கறுத்துவிடுவதால், வெப்பத்தை அளக்க அதனைத் தவிர்க்கிறார்கள். ஆனால் அதே குறையைப் பயன்படுத்தி, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள் முடுக்கிகளின் நெடுகிலும் அந்த நாரை விரித்து, எந்த இடத்தில் எவ்வளவு கதிர்ப்புப் பட்டது என்பதை அது கறுத்த அளவிலிருந்தே கணிக்கிறார்கள்.