அந்தத் தூக்கு ஏன் இன்னும் உன்னிடம் இருக்கிறது?

கேள்வி: வேலூர் காந்தி ரோடு பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். வயது 27. குரூப் 4 தேறி, ஜூன் மாதம் வேதாரண்யம் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நாலு மாதமாகியும் இந்த ஊர் ஒட்டவில்லை. உப்புக் காற்று, உப்புத் தண்ணீர். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பேச ஆளில்லை. யாரும் என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசுவதில்லை. வந்த அன்று ஹவுஸ் ஓனர் அம்மா ஒரு தூக்கில் மீன் குழம்பு கொடுத்தார், அதோடு சரி. அந்தத் தூக்குகூட இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. எனக்கு அப்பா இல்லை. சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டு, அம்மா தனியாகப் பார்த்துக்கொள்கிறார். அவருக்காக வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஊருக்குப் போய், ஞாயிறு ராத்திரி திரும்புகிறேன். உடம்பு தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வேலூரிலேயே ஏதாவது தேடிக்கொள்ளலாமா?
பெயர் வேண்டாம், வேதாரண்யம்.

பதில்: தம்பி, நீ என் மகனைவிடச் சின்னவன். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்தத் தூக்கு.

நாலு மாதமாக இன்னொரு வீட்டுப் பாத்திரம் உன் அறையில் கிடக்கிறது. 'அதோடு சரி' என்று எழுதியிருக்கிறாய். எப்படிச் சரியாகும்? அவர் கொடுத்தார், அடுத்தது உன் முறை. போன தூக்கு திரும்பி வராத இடத்துக்கு இரண்டாவது தடவை எதில் ஊற்றி அனுப்புவார்? நம் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுத்தான் தருவார்கள். நீ வெறுமையாகக்கூடக் கொடுக்கவில்லை. ஒரு அம்மா தன் தூக்கை நாலு மாதமாக வாய்விட்டுக் கேட்காமல் இருக்கிறார். அது உனக்கு அவர் கொடுக்கும் மரியாதை. யாரும் மதிக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய் நீ!

சரி, அந்தக் குழம்பு என்ன ஆயிற்று? தண்ணீர் உப்பு, காற்று உப்பு என்று எழுதத் தெரிந்தவனுக்குக் குழம்பு எப்படி இருந்தது என்று எழுதத் தோன்றவில்லை. கொட்டிவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். பாத்திரத்தோடு போய் நின்றால் 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்பாரே, அதற்குப் பயந்துதான் நாலு மாதம் ஓடியிருக்கிறது.

நீ வளர்ந்த வீடு எது? காந்தி ரோட்டில் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து இருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பாஷை தெரியாத குடும்பங்கள் கையில் ஃபைலோடு வந்து இறங்குகிற தெரு. ஐடா ஸ்கடர் என்ற டாக்டர் அம்மா 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் அந்த ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து வெளியூர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்த ஊர் அது. இந்த வாரம் போகும்போது உன் அம்மாவிடம் கேள்: மாடியில் தங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், அந்தப் பாத்திரங்கள் எப்படித் திரும்பி வந்தன என்று. அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு உன் அலமாரியைப் பார்.

அம்மாவுக்காகத்தான் வாராவாரம் போகிறேன் என்கிறாய். நான் ஏற்க மாட்டேன். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்து சனிக்கிழமை பகல் முழுக்கத் தூங்கும் பிள்ளைக்கு ஆக்கிப்போட்டு, துணி துவைத்து, ஞாயிறு மாலை பொடி கட்டிக் கொடுப்பது அந்த அம்மாவுக்குக் கூடுதல் வேலை. தனியாக இருக்கும் தாயைப் பார்ப்பது மகன் கடமை, அதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. மாதம் ஒருமுறை போ. வாடகைக் கணக்கை உட்கார்ந்து பார், தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிடு, கரண்ட் பில் கட்டு. பொங்கலுக்கு அவரை வேதாரண்யத்துக்கு அழைத்து வந்து ஒரு வாரம் வைத்துக்கொள். உன் தனிமைக்கு அவரைச் சாக்காக வைக்காதே.

வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. மூடிக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகம் பாட வேண்டியிருந்தது என்பது ஊர்க் கதை. உன் கதவைத் திறக்க யாரும் பாடவில்லை, ஒரு அம்மா தூக்கோடு வந்து தட்டினார். அவரை நீ 'ஹவுஸ் ஓனர்' என்று எழுதுகிறாய்! 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அந்தக் கரையில் ஏறியபோது அவர் வீடு என்ன ஆனது, எத்தனை தென்னை சாய்ந்தது, எத்தனை நாள் இருட்டில் இருந்தார்கள் என்று ஒருநாளாவது கேட்டாயா? நாலு மாதத்தில் பேச்சே கிடைக்கவில்லை என்கிறாயே, இது ஒன்று போதாதா ஒரு மாலை முழுக்கப் பேச?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உன் வேலைக்கும் வேண்டும். இது ஐப்பசி. அடுத்து கார்த்திகை. புயல் சின்னம் சனி ஞாயிறு பார்த்து வராது. வந்தால் பள்ளிக்கூட முகாமில் ராத்திரி நின்று, யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர் எழுதப்போவது உங்கள் ஆபீஸ்தான். ஊரில் ஒரு முகம் தெரியாதவன் எந்த வீட்டுக் கிழவி வரவில்லை என்று எப்படிச் சொல்வான்? அந்தச் சம்பளம் ஃபைல் கட்டுவதற்கு மட்டும் கொடுக்கிற சம்பளம் இல்லை.

வேலையை விடாதே. எத்தனை லட்சம் பேர் எழுதுகிற பரீட்சை என்று உனக்கே தெரியும். மாவட்ட மாறுதல் கேட்க விதி இருக்கிறது, தகுதி வரும்போது மனுப் போடு. அதில் ஒரு தப்பும் இல்லை.

இந்த ஞாயிறு ஊரிலிருந்து கிளம்பும்போது வெறும் பொடியை மட்டும் கட்டிக்கொண்டு வராதே. அம்மாவிடம் சொல்லி இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கிலோ வாங்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அந்தக் கடற்கரையில் கிடைக்காது. காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடி. துணிப்பையில் போட்டுக்கொள், பிளாஸ்டிக்கில் வேர்த்துவிடும். திங்கட்கிழமை காலையில் தூக்கைப் புளி போட்டுத் தேய்த்து, காயை நிரப்பி எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் கொடு. கருவாட்டுக் குழம்புக்கு அதைவிடச் சேர்ந்த காய் இல்லை, அவருக்குச் சொல்லித் தர வேண்டாம்.

பழைய குழம்பு என்ன ஆயிற்று என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடு.