8×8 எல்இடி மேட்ரிக்ஸில் ஒரு வரிசை முழுதும் எரிந்தால் வெளிச்சம் ஏன் மங்குகிறது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மேட்ரிக்ஸை நேராக ஆர்டுயினோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் இணைத்து, வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கிறீர்கள். ஒரு எல்இடி எரிந்தால் பளிச், எட்டும் எரிந்தால் மங்கல் என்கிறீர்கள். காரணம் அந்த ரெசிஸ்டர்தான். அதன் வழியே வரும் கரண்ட்டை எட்டு எல்இடிகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ரெசிஸ்டரை நெடுவரிசைக்கு ஒன்றாக, எட்டு போடுங்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல் வரும். எட்டு எல்இடிகளின் கரண்ட்டும் ஒரே வரிசைப் பின்னில் சேரும். ஆளுக்கு 10 மில்லிஆம்பியர் என்றாலே 80. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40தான். அதனால் வரிசைகளை யூஎல்என்2803 (அதிகக் கரண்ட்டைத் தாங்கும் டிரான்சிஸ்டர் சிப்) வழியாகக் கிரவுண்டோடு இணையுங்கள், நெடுவரிசைகளை 74ஹெச்சி595 (சில பின்களைக் கொண்டே எட்டு அவுட்புட் தரும் சிப்) இயக்கட்டும். சிவப்பு எல்இடிக்கு 5 வோல்ட்டில் சுமார் 2 வோல்ட், யூஎல்என்னில் ஏறக்குறைய 1 வோல்ட் போகும். மீதி 2 வோல்ட்டுக்கு 330 ஓம் போட்டால் ஆளுக்கு 6 மில்லிஆம்பியர், மொத்தம் 48. 595-இன் 70 மில்லிஆம்பியர் வரம்புக்குள் அடங்கிவிடும். 595 சிப்பின் பவர் காலை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம்.

ஒரு வரிசைக்கு 1 மில்லிசெகண்ட் கொடுத்தால் நொடிக்கு 125 முறை படம் புதுப்பிக்கும், கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. பக்கத்து வரிசையில் பேய் மாதிரி மங்கலாக எரிந்தால், வரிசை மாற்றும் முன் நெடுவரிசைகளை அணைத்துவிடுங்கள்.

எந்தப் பின் எந்த வரிசை என்பதை மல்டிமீட்டரின் டயோடு நிலையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். பின்கள் வரிசைக்கிரமமாக இருக்காது.