பைத்தானில் பிழை தேடுவது: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, பத்து இடத்தில் பிரிண்ட் போட்டும் பில் தொகை எங்கே மைனஸில் போகிறது என்று பிடிபடவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, பைத்தானோடு கூடவே வருகிறது. சந்தேகமான வரிக்கு மேலே பிரேக்பாயின்ட்() என்று போட்டு ஓட்டுங்கள், 2018-இல் வந்த 3.7 முதல் இதற்கு எதையும் இம்போர்ட் செய்யத் தேவையில்லை. நிரல் அங்கேயே நின்று, பைத்தானின் பிழை தேடும் கருவியான பிடிபி திறக்கும். லூப் ஆயிரம் முறை சுற்றுகிறது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்திக் கொண்டிருக்காமல், பிடிபியில் ‘பிரேக் 42, தொகை < 0’ என்று கொடுத்துவிட்டு கன்டினியூ சொல்லுங்கள். 42-ஆம் வரிக்கு வரும்போது தொகை மைனஸில் இருந்தால் மட்டும் நிற்கும். நின்றதும் ‘அப்’ கொடுத்து, இந்த ஃபங்ஷனை அழைத்த இடத்துக்கு ஏறிப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் நடந்திருக்கும், இங்கே வந்து வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அந்த பிரேக்பாயின்ட்() வரியை நீக்க மறந்து சர்வரில் ஏற்றிவிட்டால்?

பைத்தான்பிரேக்பாயின்ட் என்ற சூழல் மாறிக்கு (நிரலுக்கு வெளியே, சிஸ்டத்தில் வைக்கும் அமைப்பு) 0 கொடுத்து வையுங்கள், எந்த பிரேக்பாயின்டிலும் நிற்காது.

கேள்வி: என் நிரலில் எரரே வரவில்லை சார், அப்படியே தொங்குகிறது. எதைப் பிடித்துத் தேடுவது?

ஃபால்ட்ஹேண்ட்லர். பலர் கண்டுகொள்ளாத மாட்யூல், எனக்கு மிகவும் பிடித்தது. நிரலின் தொடக்கத்தில் அதன் டம்ப்_ட்ரேஸ்பேக்_லேட்டர்(30) என்ற ஃபங்ஷனை அழைத்துவிடுங்கள். 30 வினாடி கழிந்தும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை) அந்த நொடியில் எந்த வரியில் இருக்கிறது என்று அச்சிடும். ஒன்று கவனியுங்கள், வழக்கமான ட்ரேஸ்பேக்கில், அதாவது எரர் வரும்போது காட்டும் அழைப்புப் பட்டியலில், கடைசி அழைப்பு அடியில் இருக்கும், இதில் மேலே இருக்கும். இரண்டு த்ரெட்டும் லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் வைத்திருக்கக்கூடிய பூட்டு) வாங்கும் வரியிலேயே நின்றால், ஒன்று வைத்திருக்கும் லாக்குக்கு மற்றது காத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மெமரி ஏறிக்கொண்டே போகிறது, யார் தின்கிறார்கள் என்று தெரியவில்லை.

ட்ரேஸ்மால்லாக், எந்த வரி எவ்வளவு மெமரி எடுத்தது என்று பதிவு செய்யும் மாட்யூல். ஸ்டார்ட் செய்து ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலவரப் பதிவு), கொஞ்ச நேரம் வேலை ஓடவிட்டு இன்னொன்று, அப்புறம் கம்பேர்_டூ போட்டால் எந்த வரியில் எவ்வளவு கூடியது என்று சொல்லிவிடும். சும்மா ஸ்டார்ட் செய்தால் ஒரே ஒரு ஃப்ரேம்தான் (அழைப்புச் சங்கிலியில் ஒரு படி) பதிவாகும், அது பெரும்பாலும் ஏதாவது லைப்ரரிக்குள் போய் நிற்கும், அதனால் ஸ்டார்ட்(10) என்று கொடுத்து ஆரம்பியுங்கள். ஆனால் இதற்கே மெமரியும் நேரமும் செலவாகும், தேடி முடித்ததும் ஸ்டாப் செய்துவிடுங்கள்.