ஆன்லைனில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க: கேள்வி பதில்

ஒரே ரகக் கேள்விகள் தொடர்ந்து வருவதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெயர் பெற்ற ஷூ பிராண்ட் ஒன்றின் விளம்பரம் சமூக ஊடகத்தில் வந்தது. 80 சதவீதம் தள்ளுபடி. தளத்துக்குள் போய்ப் பார்த்தேன். பூட்டுப் படம் இருக்கிறது, படங்கள் தெளிவாக இருக்கின்றன, பணம் திருப்பித் தரும் விதிமுறைகூடப் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்னதில் ஒன்றுகூட அந்தக் கடை உண்மையானது என்பதற்குச் சாட்சி இல்லை. பூட்டுப் படம் சொல்வதெல்லாம், உங்கள் பிரவுசருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கடைக்காரரா திருடரா என்று அது பார்ப்பதே இல்லை. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற லாப நோக்கமற்ற அமைப்புகள் இலவசமாக, சில நிமிடங்களில் தருகின்றன. நல்ல காரியம்தான், ஆனால் மோசடிக்காரருக்கும் அது அதே சுலபத்தில் கிடைக்கும். பூட்டைப் பார்த்து மக்கள் தப்பாக நம்பிவிடுகிறார்கள் என்று சொல்லித்தான் கூகுள் 2023இல் குரோம் பிரவுசரில் அந்தப் படத்தையே மாற்றியது. படங்களும் விதிமுறைகளும் அசல் தளத்திலிருந்து அப்படியே அள்ளி வந்தவையாக இருக்கலாம். சரி, சமூக ஊடக நிறுவனம் விளம்பரத்தைச் சரிபார்த்திருக்காதா என்றால், அங்கே பெரும்பாலும் மென்பொருள்தான் பார்க்கிறது, அடுத்தவரின் திருடப்பட்ட கணக்கிலிருந்து விளம்பரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது தளத்தின் முகவரியை, அதுவும் பின்னாலிருந்து. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், புள்ளிகளால் பிரிந்து நிற்கும் கடைசி இரண்டு துண்டுகள்தான் தளம் யாருடையது என்று சொல்லும். நாட்டுக் குறியீடு உள்ள சில முகவரிகளில் மூன்று துண்டுகள். பிராண்டின் பெயர் முன்னால் பளிச்சென்று இருந்தாலும் முகவரி ‘மெகாசேல் டாட் ஷாப்’ என்று முடிந்தால் அந்தத் தளம் மெகாசேல் என்று பதிவு செய்தவருடையது, பிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான முகவரிகள் எந்தத் தேதியில் பதிவாயின என்று தெரிந்துவிடும். பல ஆண்டு பாரம்பரியம் என்று எழுதிக்கொள்ளும் கடையின் முகவரி போன மாதம் பதிவானது என்றால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை. ஆனால் பழைய தேதி இருந்தால் உடனே நம்பிவிடவும் கூடாது, யாரோ கைவிட்ட பழைய முகவரியை வாங்கிக் கடை போடுகிறவர்களும் உண்டு.

நான் முதலில் பார்ப்பது சைஸ் பட்டியலைத்தான். நிஜமாகவே ஸ்டாக் கிளியர் செய்கிற கடையில் பாதி சைஸ் தீர்ந்துபோயிருக்கும், மிஞ்சியவை யாருக்கும் பொருந்தாத ஓரத்து சைஸ்களாகவோ யாரும் விரும்பாத நிறமாகவோ இருக்கும். போலிக் கடையில் எல்லா மாடலும் எல்லா சைஸிலும் எல்லா நிறத்திலும் இருக்கும், எல்லாவற்றுக்கும் அதே 80 சதவீதம். இல்லாத பொருளுக்கு ஸ்டாக் எப்படித் தீரும்? ‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓடுகிற கடிகாரத்தையும் சோதித்துப் பாருங்கள்: அதே பக்கத்தை வேறு பிரவுசரில் திறந்தால் பல தளங்களில் அது முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.

கேள்வி: டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு, வங்கிப் பரிமாற்றம், கிரிப்டோ, பொருள் வந்ததும் பணம். இதில் எது பாதுகாப்பு?

பதில்: என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுதான் முக்கியம். போலித் தளங்கள் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வருகின்றன, எழுத்துப் பிழையைப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. என்றைக்காவது ஒருநாள் யாரும் ஏமாறுவோம் என்று வைத்துக்கொண்டு, பணம் திரும்பி வர வழியுள்ள பாதையில் மட்டும் அதை அனுப்பும் பழக்கம் இருந்தால் பாதி பயம் போய்விடும்.

அந்த வகையில் முதல் இடம் கிரெடிட் கார்டுக்கு. பொருள் வரவில்லை, வந்தது வேறு பொருள் என்றால் வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். வங்கி, விற்றவரின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கோரும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, உங்கள் வங்கி அதைவிடக் குறைவான கெடு வைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். டெபிட் கார்டிலும் சார்ஜ்பேக் உண்டு, ஆனால் வழக்கு முடியும்வரை காணாமல் போயிருப்பது உங்கள் கணக்கிலுள்ள பணம். வங்கிப் பரிமாற்றத்தில் ‘நீங்களே அனுப்பினீர்கள்’ என்ற ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும் ஆபத்து இருக்கிறது. கிரிப்டோ போனால் போனதுதான், திருப்பித் தரச் சொல்லிக் கேட்க நடுவில் ஒரு நிறுவனமே கிடையாது. கிஃப்ட் கார்டு எண்ணை அனுப்பச் சொல்லும் விற்பனையாளர் எவரும் விற்பனையாளரே இல்லை. பேபால் என்ற இணையப் பணம் அனுப்பும் சேவையில் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க: நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் அனுப்பும் முறையில் பணம் போட்டால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது, ‘கட்டணம் மிச்சமாகும், அதில் போடுங்கள்’ என்று ஒருவர் கெஞ்சுவதன் காரணமும் அதுதான்.

பொருள் வந்ததும் பணம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் டெலிவரி செய்பவர் பணத்தை வாங்கிய பிறகுதான் பெட்டியைப் பிரிக்க முடியும் என்றால் அதில் உங்களுக்கு என்ன பாதுகாப்பு? உள்ளே செங்கல் இருந்தாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள் தேடிப் போக வேண்டியது முகம் தெரியாத விற்பனையாளரைத்தான்.

அப்புறம் ஒன்று. நம்பகமான பெரிய தளத்தில்தான் தேடுகிறீர்கள், பொருளும் பிடித்துவிட்டது, விற்பவர் மட்டும் ‘வெளியே மெசேஜில் வாங்க, கமிஷன் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்’ என்கிறார். அந்தக் கமிஷனில்தான் உங்கள் பாதுகாப்பும் இருக்கிறது, தளத்தை விட்டு வெளியே வந்த நிமிடத்தில் அது முடிந்தது.

கேள்வி: நான் பெரிய நிறுவனங்களின் அசல் தளத்தில் மட்டும் வாங்குகிறேன். எனக்குக் கவலை இல்லைதானே?

பதில்: குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தின் பணம் கட்டும் பக்கத்திலேயே திருடர்கள் ஒரு சிறு நிரலை நுழைத்துவிட்டார்கள். பயணிகள் சரியான முகவரிக்குத்தான் போனார்கள், சரியாகத்தான் கட்டினார்கள், கார்டு விவரம் மட்டும் இன்னொரு இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020இல் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் போட்டது. இதை வாங்குபவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. நம்மால் முடிந்தது: ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உடனே அறிவிப்பு வரும்படி வைப்பது, ஆன்லைனுக்கென்று குறைந்த வரம்புள்ள தனிக் கார்டு அல்லது வங்கி தரும் தற்காலிகக் கார்டு எண்ணைப் பயன்படுத்துவது, அபூர்வமாக வாங்கும் தளங்களில் ‘கார்டைச் சேமிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்பது.

கேள்வி: ‘முகவரி சரியில்லாததால் உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்தவும்’ என்று எஸ்எம்எஸ் வந்தது. நான் உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதில்: பெரும்பாலும் தெரியவே தெரியாது. கணக்கில்லாத எண்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினால் அதில் எப்போதும் நிறைய பேர் பார்சலுக்காகக் காத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சிறு கட்டணம் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தொகை சின்னதாக இருந்தால் யோசிக்காமல் கார்டு விவரத்தைத் தட்டுவீர்கள், பிறகு வரும் ஓடிபியையும் தட்டுவீர்கள், அதற்காகத்தான் அந்த நாடகம். பல நேரம் அந்த ஓடிபி கட்டணத்துக்கானதே அல்ல. உங்கள் கார்டைத் திருடரின் போனில் உள்ள வாலட்டில் சேர்ப்பதற்கானது. சேர்த்துவிட்டால் அவர் அந்தப் போனை நீட்டிக் கடை கடையாக வாங்கலாம், ஒவ்வொரு முறையும் உங்களிடம் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. ஆகவே ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுச் செய்தியையும் படியுங்கள், எதற்கு, எவ்வளவு, யாருக்கு என்று பல வங்கிகள் அதிலேயே எழுதுகின்றன. பார்சல் விஷயத்துக்கு, ஆர்டர் போட்ட செயலிக்குள் போய்ப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த இணைப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: அப்பா ரீஃபண்டுக்காக வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுத்து அழைத்திருக்கிறார். பேசியவர் ஒரு செயலியை நிறுவச் சொன்னாராம், அப்பாவும் செய்துவிட்டார். இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் போனில் இணையத்தை நிறுத்துங்கள், செயலியை நீக்குங்கள், வேறு ஒரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கார்டையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள், மின்னஞ்சலில் தொடங்கி எல்லாக் கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்று உங்கள் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க விடும் செயலிகள் கணினி பழுது பார்ப்பவர்கள் முறையாகப் பயன்படுத்தும் கருவிகள்தான், ஆனால் திரையைப் பகிர்ந்தால் அதில் வரும் ஓடிபியும் அந்தப் பக்கம் தெரியும். தேடலில் முதலில் வரும் எண் நிறுவனத்தின் எண் என்று அர்த்தமில்லை, யாரோ விளம்பரமாகவோ போலிப் பக்கமாகவோ போட்டதாக இருக்கலாம். எண் வேண்டுமென்றால் செயலிக்குள்ளோ, பில்லிலோ, கார்டின் பின்பக்கமோ பார்க்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதற்கு உங்கள் திரையோ பின் எண்ணோ எந்தக் கடைக்கும் தேவைப்படாது.

இன்னொரு விஷயம், அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டு விழுகிற வீட்டில் அடுத்த முறை நடந்ததைச் சொல்ல மாட்டார்கள், பணத்தைப் பிடித்து நிறுத்தக்கூடிய முதல் ஒரு மணி நேரம் அந்த மௌனத்தில் போய்விடும்.

கேள்வி: பழைய லேப்டாப்பை விற்கப் போட்டேன். வாங்குபவர் ‘கியூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்’ என்கிறார்.

பதில்: அவர் அனுப்பும் கியூஆரை நீங்கள் ஸ்கேன் செய்தால் பணம் உங்களிடமிருந்து போகும், இல்லையென்றால் கார்டு விவரம் கேட்கும் போலிப் பக்கம் திறக்கும். பணம் கொடுக்கிறவர்தான் ஸ்கேன் செய்வார், பின் எண்ணும் அவர்தான் போடுவார். ‘தவறுதலாக அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினாலும் நம்ப வேண்டாம், உங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: 4.8 நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் விமர்சனங்கள். இதைக்கூட நம்பக்கூடாதா?

பதில்: எண்ணை விட்டுவிட்டு வாசகத்தைப் படியுங்கள், அதிலும் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி. இயர்போன் பக்கத்தின் பழைய விமர்சனங்கள் துடைப்பத்தைப் புகழ்ந்தால், நல்ல மதிப்பெண் வாங்கிய பழைய பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஐந்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் குவிந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். எனக்கு எப்போதும் உதவுவது இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்கள்தான், காசு வாங்கி எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

கேள்வி: ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன். கூரியர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று வருகிறது, என் கைக்கு எதுவும் வரவில்லை. கேட்டால் அடுத்த வாரம் ரீஃபண்ட் என்கிறார்கள்.

பதில்: அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள், சார்ஜ்பேக் கெடுவைத் தாண்ட வைப்பதற்கே இப்படி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றே வங்கியை அழையுங்கள். தளத்தின் பக்கம், ஆர்டர் எண், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தளம் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகும். கூரியர் எண் விஷயம் பழைய தந்திரம்: உங்கள் ஊரில் வேறு யாருக்கோ ஒரு மலிவான பார்சலை அனுப்பிவிட்டு அந்த எண்ணை உங்களுக்குத் தருவார்கள். எந்த முகவரியில், எத்தனை எடையில், யார் கையெழுத்தில் தந்தார்கள் என்று கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முகவரியை முழுதாகச் சொல்லாவிட்டாலும், உங்கள் முகவரியில் தரப்படவில்லை என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும், அதை வங்கியிடம் கொடுங்கள். காவல்துறையில் இணையக் குற்றப் புகாரும் பதிவு செய்யுங்கள், அந்தப் புகார் எண்ணைப் பல வங்கிகள் கேட்கும்.

புகாரை ஏதாவது பொதுவெளியில் எழுதினால், ‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று சிலர் தொடர்புகொள்வார்கள். வக்கீல் என்பார்கள், சைபர் நிபுணர் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால் முதலில் ஏமாற்றியவர்களே இந்த வேஷத்திலும் வரலாம், முன்பணம் கேட்டாலே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கேள்வி: போனது ரொம்பச் சின்னத் தொகை. இதற்குப் போய்ப் புகார் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுங்கள். நீங்கள் வாங்காத எதற்கோ சின்னத் தொகை போயிருந்தால், கார்டு வேலை செய்கிறதா என்று யாரோ சோதித்துப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிய தொகை அடுத்து வரும் என்று வைத்துக்கொண்டு கார்டை முடக்கிப் புது எண் வாங்கிவிடுங்கள். பழைய எண்ணில் தானாகக் கழியும் சந்தாக்கள் இருந்தால் புது எண்ணைக் கொடுக்க மறக்க வேண்டாம்.