பழைய போர்க்கால ரிவோல்வர் எந்த ஆண்டையது என்று எப்படி அறிவது?

‘அப்பப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் பிரிட்டிஷ் ரிவோல்வர் ஒன்று கிடந்தது, எந்த ஆண்டையது?’ என்று கொழும்பில் இடைக்கிடை கேட்பார்கள். முதலில் பொலிசுக்கு அறிவியுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அரும்பொருள் என்றாலும்தான்.

ரிவோல்வர் என்பது சுழலும் உருளையில் ரவைகளை அடுக்கி வைக்கும் கைத்துப்பாக்கி. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு 1915இல் வந்தது வெப்லி மார்க் 6. இரண்டாம் போர்க்காலத்தது பெரும்பாலும் 1932இல் ஏற்கப்பட்ட என்பீல்ட் இலக்கம் 2. என்பீல்டின் வலப்பக்கச் சட்டகத்தில் பெயர், வகை, ஆண்டு மூன்றும் பொறித்திருக்கும். ஆயுதம் அரச சொத்து, கணக்கு வைக்கவேண்டும். அதனால்தான் இந்தப் பொறிப்பு.

சிக்கல் வேறிடத்தில். 1938இல் என்பீல்டின் சுத்தியலில், அதாவது ரவையை வெடிக்க வைக்க அடிக்கும் பாகத்தில், பெருவிரலால் பின்னிழுக்கும் வால் நுனியை நீக்கினார்கள். டாங்கிக்குள் எதிலாவது கொளுவிக்கொள்ளும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். பழைய துப்பாக்கிகளும் பழுதுபார்க்கப் போனபோது அப்படியே மாற்றப்பட்டன. ஆகவே 1934 என்று பொறித்த ஒன்றில் வால் இல்லையென்றால் போலி என்று முடிவுகட்டாதீர்கள். வெள்ளவத்தையில் முகப்பில் 1934 என்று எழுதிய வீட்டுக்குப் பிற்காலத்தில் அலுமினிய ஜன்னல் போடுவதில்லையா? வீடு அதே வீடுதான்.

அம்புக்குறி முத்திரை இருந்தால் போர்க்களம் கண்டது என்று பலர் நம்புகிறார்கள். அது பிரிட்டிஷ் அரசின் உடைமை என்பதை மட்டுமே காட்டும்.